பட்டாளத்திலிருந்து வகுப்பறைக்கு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு ஆண்டுகள் ராணுவத்தின் தகவல் தொடர்பைப் பார்த்துக்கொள்ளும் சிக்னல் பிரிவில் இருந்தேன். வெளியே வந்தபோது வயது முப்பது. அடுத்த ஆண்டே கல்லூரியில் சேர்ந்து வரலாறு படித்தேன். அதைக் கேள்விப்பட்டு, பணி முடித்து வருகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் என்னைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். ஆள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால்தான் இதை எழுதிவைத்தேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். உதவித்தொகை, சேர்க்கை போன்றவற்றின் விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். வகுப்பறையில் போய் உட்கார்ந்ததும் வருகிற தடுமாற்றம் மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

"எனக்கு 36 வயசு. இனிமே காலேஜ்ல சேர்ந்தா சரியா வருமா?"

வரும். உங்களுக்கு முன்னால் லட்சக்கணக்கானவர்கள் போன வழி இது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முன்பே, 1944 ஜூன் 22 அன்று, போரிலிருந்து திரும்புகிறவர்களின் மறுவாழ்வுக்கான சட்டத்தில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். ஜி.ஐ. பில் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அதன் உதவியில் சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிக்குப் போனார்கள். 1947-ல் அந்நாட்டுக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் முன்னாள் வீரர்கள். இவர்கள் வந்தால் கல்வியின் தரமே கெட்டுவிடும் என்று சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் எச்சரித்தார். ஹார்வர்டின் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட்டுக்கும் அந்தக் கவலை இருந்தது. நடந்தது வேறு. வந்தவர்கள் ஊன்றிப் படித்தார்கள். ஹார்வர்ட் பார்த்த மாணவர்களிலேயே பக்குவமானவர்கள் இவர்கள்தான் என்று இரண்டே ஆண்டில் கோனன்ட்டே சொன்னார். அந்தக் கதவு எல்லோருக்கும் ஒரே அளவில் திறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கறுப்பின வீரர்களைத் தென்மாநிலங்களின் பல கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

வயதைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் நான் விட்கன்ஸ்டைனைச் சொல்வேன். பெரிய தத்துவ அறிஞர். முதல் உலகப் போரில் ஆஸ்திரியப் பீரங்கிப் படையில் இருந்தவர். இத்தாலியில் போர்க்கைதியாக இருந்துவிட்டு 1919-ல் வீடு திரும்பினார். அப்போது அவருக்கு முப்பது வயது. அதே ஆண்டு வியன்னாவில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்து, தன்னைவிட மிக இளையவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தும் படித்து முடித்து, கிராமத்துப் பள்ளியில் பாடம் நடத்தப் போனார்.

"சேர்றதுக்கு முன்னாடி என்னென்ன காகிதம் கையில வெச்சுக்கணும்?"

விடுவிப்புச் சான்று, பள்ளிச் சான்றிதழ்கள், பணிக்காலத்தில் முடித்த ஒவ்வொரு பயிற்சிக்குமான சான்று, மருத்துவப் பதிவுகள். இந்த நான்கையும் யூனிட்டில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். அங்கே அரை நாளில் கிடைக்கிற காகிதத்துக்கு வெளியே வந்த பிறகு மாதக்கணக்கில் கடிதம் எழுத வேண்டிவரும்.

இன்னொன்று. பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் பணிப் பதிவேட்டில் உள்ளவையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஆள்சேர்ப்பு நாளில் யாரோ அவசரமாக எழுதிய ஒரு எழுத்துக்காகச் சேர்க்கை நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

"வெளிய வந்த உடனே சேர்ந்திடலாமா, கொஞ்ச நாள் வீட்ல இருந்துட்டுப் போகலாமா?"

சில மாதங்கள் இருந்துவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்வேன். தூக்கம் ஒழுங்குக்கு வர வேண்டும். வீட்டாரோடு இருக்கப் பழக வேண்டும். ஆனால் சேரும் தேதியை இப்போதே முடிவு செய்து, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் எழுதிவையுங்கள். தேதி இல்லாத ஓய்வு ஆண்டுக்கணக்கில் நீள்வதைப் பலரிடம் பார்த்துவிட்டேன். அந்தச் சில மாதங்களில் தினம் ஒரு மணி நேரம் எதையாவது வாசியுங்கள். நீண்ட நேரம் உட்கார்ந்து வாசிப்பதற்கும் உடம்பு பழக வேண்டும்.

"பட்டாளத்துல பண்ணின டிரேடு கோர்ஸ் எல்லாம் காலேஜ்ல கணக்குல வருமா?"

பல இடங்களில் ஓரளவு வரும். அமெரிக்காவில் அமெரிக்கக் கல்வி கவுன்சில் 1940-களிலிருந்தே ராணுவப் பயிற்சிகளை மதிப்பிட்டு, எதற்கு எத்தனை கிரெடிட் (பட்டம் வாங்கச் சேர்க்க வேண்டிய பாடப் புள்ளி) தரலாம் என்று பரிந்துரைக்கிறது. பரிந்துரையை ஏற்பதும் விடுவதும் அந்தந்தக் கல்லூரியின் முடிவு. இந்தியாவில், நான்கு ஆண்டுப் பணிக்குச் சேரும் அக்னிவீரர்களுக்காக 2022-ல் அறிவிக்கப்பட்ட இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பட்டப்படிப்பில், மொத்த கிரெடிட்டில் பாதியைப் பணிக்காலப் பயிற்சிக்கே கொடுக்கிறார்கள். கல்லூரியில் கேட்கும்போது சான்றிதழை மட்டும் நீட்டாதீர்கள். என்ன பாடம், எத்தனை மணி நேரம், என்ன தேர்வு என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். முடிவெடுப்பவருக்கு உங்கள் டிரேடின் பெயர் எதையும் சொல்லாது. மணிக்கணக்கும் பாடத்திட்டமும்தான் சொல்லும்.

கிடைக்கிற கிரெடிட் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. பத்து வருடத்துக்கு முன் படித்த கணக்குக்குக் கிரெடிட் வாங்கி முதல் தாளைத் தவிர்த்துவிட்டால், இரண்டாம் தாள் வகுப்பில் முதல் நாளே திண்டாடுவீர்கள். மறந்துபோன பாடமாக இருந்தால் முதலிலிருந்தே படியுங்கள்.

"எந்தப் படிப்பு எடுக்கறது? அங்க பார்த்த வேலையையே படிச்சா சுலபமா இருக்கும்னு சொல்றாங்களே?"

அந்த வேலை உங்களுக்குப் பிடித்திருந்தால் தாராளமாக எடுங்கள். ஆனால் அதை நீங்களா தேர்ந்தெடுத்தீர்கள்? பெரும்பாலும் அவர்கள்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். பதினெட்டு வயதில் யாரோ ஒருவர் உங்கள் பெயருக்கு நேரே எழுதியது அது. இருபது வருடம் கழித்து மறுபடியும் அதற்கே கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை யோசியுங்கள். எனக்குச் சிக்னல் தெரியும் என்பதால் மின்னணுவியல் எடுக்கச் சொன்னார்கள். நான் இருந்த இடங்கள் ஏன் சண்டை நடக்கும் இடங்களாயின என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதனால் வரலாறு எடுத்தேன். வேலை கிடைக்கக் கொஞ்சம் தாமதமானது உண்மைதான். வருத்தமில்லை.

"உதவித்தொகை வருது. அதை வெச்சுக் கடைசி வரைக்கும் ஓட்டிடலாமா?"

எத்தனை மாதங்களுக்கு வரும் என்பதை முதலில் கேளுங்கள். அமெரிக்காவில் 2009-ல் நடைமுறைக்கு வந்த புதிய ஜி.ஐ. பில் 36 மாதங்களுக்கு உதவி தருகிறது. கல்வியாண்டு ஒன்பது மாதம் என்றால் அது சரியாக நான்கு ஆண்டு. ஒரு பாடத்தில் தோற்றாலோ, நடுவில் படிப்பை மாற்றினாலோ, கடைசி ஆண்டுக்குப் பணம் இருக்காது. எந்த நாட்டுத் திட்டமானாலும் இந்தக் கணக்கை முதல் நாளே போட்டுப் பாருங்கள். முதல் தவணை வந்து சேரத் தாமதமாவதும் சகஜம். சில மாதச் செலவுக்குக் கையிருப்பு வைத்துக்கொண்டு சேருங்கள்.

"பக்கம் பக்கமாப் படிக்கிறேன், மண்டையில ஏறவே மாட்டேங்குது. மூளை மழுங்கிடுச்சா?"

இல்லை. நீங்கள் படிக்கும் முறைதான் தவறு. பட்டாளத்தில் துப்பாக்கியைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டது நினைவிருக்கிறதா? கையேட்டைப் பத்து முறை வாசித்தா கற்றீர்கள்? ஒரு முறை காட்டினார்கள். அப்புறம் கையேடு இல்லாமல் செய்யச் சொன்னார்கள். தவறினால் திரும்ப. அடுத்த நாள் திரும்ப. கடைசியில் கண்ணைக் கட்டிக்கொண்டு. இன்றைக்கு அரைத் தூக்கத்தில் கேட்டாலும் கை தானாகச் செய்யும்.

பாடப் புத்தகத்தையும் அப்படித்தான் படிக்க வேண்டும். ஒரு பகுதியை வாசியுங்கள், மூடிவையுங்கள், வெற்றுத் தாளில் நினைவிருப்பதை எழுதுங்கள். பிறகு திறந்து பார்த்து விட்டுப்போனதைச் சேருங்கள். 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்களே நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். வாசிக்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். அந்தத் தெம்பை நம்பித்தான் தேர்வில் ஏமாறுகிறோம்.

இடைவெளி விட்டுப் படிப்பதும் முக்கியம். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து, 1885-ல் முடிவுகளை வெளியிட்டார். மனப்பாடம் செய்ததில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே போய்விடுகிறது, ஆனால் நாள்விட்டு நாள் திரும்பப் பார்த்தால் தங்கிவிடுகிறது என்று கண்டார். ஒரே இரவில் ஆறு மணி நேரம் படிப்பதைவிட ஆறு நாள் ஒவ்வொரு மணி நேரம் படிப்பது மேல். வயது ஏற ஏற வேகம் கொஞ்சம் குறையும் என்பது உண்மை. சொல்லறிவும் உலக அறிவும் அதே வயதில் வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

"கணக்கு மட்டும் சுத்தமா மறந்துபோச்சு. வகுப்புல கேட்கவே கூச்சமா இருக்கு."

எந்த வகுப்புக் கணக்கில் தடுமாறுகிறீர்களோ அங்கிருந்து தொடங்குங்கள். ஏழாம் வகுப்புப் பின்னம் என்றாலும் பரவாயில்லை. பள்ளிப் புத்தகத்தை வாங்கி வீட்டில் உட்கார்ந்து போடுங்கள். ஒருமுறை தெரிந்திருந்த கணக்கு, புதிதாகக் கற்பதைவிட வேகமாகத் திரும்பி வரும். லியோன் லெடர்மன் என்ற இயற்பியலாளர் 1943-ல் பட்டம் வாங்கியதும் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, சிக்னல் பிரிவில் இருந்தார். மூன்று ஆண்டு கழித்து, 1946-ல்தான் மேற்படிப்புக்குத் திரும்பினார். 1988-ல் நோபல் பரிசு வாங்கினார். அவரும் சிக்னல்காரர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கூச்சத்தைப் பற்றி இதற்கு அடுத்த பதிலிலேயே சொல்கிறேன். அதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

"காலையில எழுப்ப ஆள் இல்ல, எங்க போகணும்னு சொல்ல ஆள் இல்ல. பட்டாளத்துல இவ்வளவு ஒழுங்கா இருந்த நான் இங்க ஏன் இப்படி ஆயிட்டேன்?"

இதுதான் என்னிடம் அதிகம் பேர் கேட்டது. கேட்கும்போது குரல் தாழ்ந்துவிடும், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல. பட்டாளத்தில் ஒழுங்கு உங்களிடமும் இருந்தது, உங்களைச் சுற்றியும் இருந்தது. விசில், பரேடு, ஆஜர், டியூட்டிப் பட்டியல். சுற்றி இருந்ததை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது மட்டும் தனியாக நிற்கப் பழக நாளாகும். கல்லூரியில் யாரும் உங்களைத் தேட மாட்டார்கள். வகுப்புக்குப் போகாவிட்டால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது. மூன்று மாதம் கழித்துத்தான் நடக்கும். உடனே தண்டனை வராத இடத்தில் நாம் இருந்ததே இல்லை.

நான் செய்தது இது. ஞாயிற்றுக்கிழமை மாலை அடுத்த வாரத்துக்கான டியூட்டிப் பட்டியலை நானே எழுதினேன். ஒரு மணி நேர வகுப்புக்கு வெளியே இரண்டு மணி நேரப் படிப்பு என்று கணக்கு. எந்த நேரம், எந்த மேசை, எந்தப் பாடம் என்பது வரை எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டேன். உத்தரவு கொடுத்தவனும் நான், ஏற்றவனும் நான். செமஸ்டர் தொடங்கும்போதே எல்லா அசைன்மென்ட் தேதிகளையும் தேர்வுத் தேதிகளையும் ஒரே காலண்டரில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் முன்னால் இன்னொரு குறி போட்டேன். ஒரு மாதத்தில் கால் தரையில் பதிந்தது.

இதில் பாதிதான் நேரம். மீதிப் பாதி, கேட்பது. நமக்கு எப்படிப் பழக்கினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பாடம் முடிந்ததும் "சந்தேகம் உண்டா?" என்பார் பயிற்றுநர். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சந்தேகம் என்றால் கவனிக்கவில்லை என்று பொருள். பிறகு இரவில் பக்கத்துக் கட்டில்காரனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வோம். கல்லூரியில் அந்தப் பக்கத்துக் கட்டில் கிடையாது. கேட்காதவனுக்குப் புரிந்துவிட்டது என்றே ஆசிரியர் எடுத்துக்கொள்வார். மாணவர்கள் வந்து கேட்பதற்கென்றே தனி நேரம் ஒதுக்கித் தன் அறையில் உட்கார்ந்திருப்பார். முதல் செமஸ்டர் முழுக்க நான் ஒரு முறைகூட அந்தக் கதவைத் தட்டவில்லை. இரண்டாவது செமஸ்டரில் தட்டினேன். பதினைந்து நிமிடத்தில் மூன்று வாரக் குழப்பம் தீர்ந்தது. இந்தப் பக்கத்தில் வேறெதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரத்துக்குள் ஒவ்வொரு ஆசிரியரையும் ஒரு கேள்வியோடு நேரில் போய்ப் பாருங்கள்.

"ஆசிரியர் என்னைவிடப் பத்து வயசு சின்னவர். எப்படிப் பேசறது?"

மரியாதையாக, சாதாரணமாக. அவர் உள்ளே வரும்போது விறைப்பாக எழுந்து நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு "சார்" வேண்டாம். அவர் சொன்னதில் உடன்பாடில்லை என்றால் காரணத்தோடு சொல்லலாம். அது கீழ்ப்படியாமை இல்லை. பல ஆசிரியர்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். எனக்கு இதைப் பழக ஒரு வருடம் பிடித்தது.

"கட்டுரை எழுதச் சொல்றாங்க. நான் எழுதினா அறிக்கை மாதிரி இருக்குன்னு மார்க் குறைக்கிறாங்க."

அறிக்கையில் என்ன நடந்தது என்று எழுதுவோம். கட்டுரையில் அது ஏன் நடந்தது, உங்கள் முடிவு என்ன, அதற்கு ஆதாரம் என்ன, எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று எழுத வேண்டும். சுருக்கமாக, தெளிவாக எழுதும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். மற்ற மாணவர்களிடம் இல்லாத சொத்து அது. அதோடு ஒவ்வொரு பத்திக்கும் "ஏன் அப்படி?" என்று உங்களையே ஒரு கேள்வி கேட்டு, வரும் பதிலையும் எழுதுங்கள். சொற்சுருக்கங்களையும் பட்டாளச் சொற்களையும் வெளி ஆள் ஒருவரிடம் வாசித்துக் காட்டிக் களையுங்கள்.

"யாரையாவது கொன்னிருக்கீங்களான்னு கேட்கிறாங்க. என்ன பதில் சொல்ல?"

கேட்பவருக்குப் பத்தொன்பது வயது. அவர் பார்த்த போர் எல்லாம் திரையில் பார்த்தது. பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனாலும் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். நான் வைத்திருந்தது: "அதைப் பற்றிப் பேசுவதில்லை. அங்கே என்ன வேலை பார்த்தேன் என்று வேண்டுமானால் சொல்கிறேன்." பிறகு ஆன்டெனா கட்டியதைப் பற்றிச் சொல்வேன். தயார் செய்யாமல் போனால் அந்த நேரத்தில் கோபம் வரும், அல்லது தொண்டை அடைக்கும். முன்னாள் வீரர் என்பதையே சொல்லாமல் இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

"நான் பொண்ணு. ராணுவத்துல இருந்தேன்னு சொன்னா, வீட்டுக்காரரா இருந்தார்னு கேட்கிறாங்க."

இதைச் சொன்ன தங்கையின் குரலில் இருந்த களைப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கேட்கிறவர்களைத் திருத்திக்கொண்டே இருப்பது உங்கள் வேலை இல்லை. சேர்க்கைப் படிவம், உதவித்தொகை அலுவலகம், முன்னாள் வீரர் சங்கம் ஆகிய மூன்று இடங்களில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அங்கே உங்களைக் குடும்ப உறுப்பினர் என்ற கட்டத்தில் போட்டுவிட்டால் உங்களுக்கு வரவேண்டியது நின்றுபோகும். படிவத்தில் சரியான கட்டம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

"நான் சமையல் பிரிவுல இருந்தவன். சண்டைக்கே போகல. முன்னாள் வீரர் சலுகையில படிக்க எனக்குத் தகுதி உண்டா?"

உண்டு. சட்டம் உங்கள் பணிக்காலத்தைத்தான் கேட்கிறது. நீங்கள் சமைத்ததைச் சாப்பிட்டவர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கலாம்.

"குரூப் பிராஜெக்ட்ல மத்தவங்க நேரத்துக்கு வர்றதே இல்ல. கடைசியில எல்லாத்தையும் நானே செய்யறேன்."

அவர்கள் உங்கள் செக்ஷன் இல்லை. அதட்டினால் ஒதுங்கிப்போவார்கள். நீங்களே முழுவதும் செய்துவிட்டால் அடுத்த முறையும் உங்கள் தலையில்தான் விழும். முதல் கூட்டத்திலேயே யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். உண்மையான கெடுவுக்கு நான்கு நாள் முன்னால் ஒரு தேதி வையுங்கள். அவர்களில் சிலர் இரவு வேலைக்குப் போய்விட்டு வருகிறார்கள் என்பது கேட்டால்தான் தெரியும். எனக்குத் தெரிய வந்தபோது வெட்கமாக இருந்தது.

"முதுகுக்குப் பின்னாடி ஆள் இருந்தா உட்காரவே முடியல. கதவு அறைஞ்சா உடம்பு தூக்கிப் போடுது. இது சரியாயிடுமா?"

பலருக்குக் காலப்போக்கில் குறையும். உங்களை உயிரோடு வைத்திருந்த பழக்கம் அது. ஆபத்து இல்லாத இடத்தில் அடங்க அதற்கு நேரம் வேண்டும். இப்போதைக்குச் செய்யக்கூடியது: சீக்கிரம் போய்ச் சுவரோரமாக, வாசல் தெரிகிற இருக்கையைப் பிடியுங்கள். கட்டடத்தின் வழிகளை ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். அந்த ஒரு நடையே மனதைப் பாதி அமைதியாக்கும். ஆசிரியரிடம் "சில நேரம் எழுந்து வெளியே போவேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்று மட்டும் சொன்னால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கெட்ட கனவுகள், அந்த நாட்கள் திடீரென்று கண்முன் வருவது, மனிதர்களைத் தவிர்ப்பது, எப்போதும் உஷாராகவே இருப்பது — இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாடத்தைக் கெடுத்தால் மருத்துவரிடம் போங்கள். மனக்காய அழுத்தக் கோளாறு என்று இதற்குப் பெயர். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு முன்னால் கோழைத்தனம் என்றுகூட இதைச் சொல்லி வந்தார்கள். அந்தக் காலம் முடிந்துவிட்டது. நடந்ததைப் பாதுகாப்பான இடத்தில் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் பேச்சுச் சிகிச்சைகள் இருக்கின்றன, பலருக்குப் பலன் தந்திருக்கின்றன. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லி, அவரையே கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். வகுப்பு காத்திருக்கும்.

"காதுல எப்பவும் இரைச்சல். பின்னாடி உட்கார்ந்தா பாடமே கேட்கல."

வெடிச்சத்தத்திலும் எஞ்சின் சத்தத்திலும் இருந்தவர்களுக்கு இது மிகச் சாதாரணம். அமெரிக்க முன்னாள் வீரர்கள் இழப்பீடு பெறும் குறைபாடுகளில் முதலிடம் காது இரைச்சலுக்குத்தான். செவித்திறன் சோதனை செய்து சான்று வாங்குங்கள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான அலுவலகம் இருந்தால் அதைக் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். முன்வரிசை இருக்கை, பாடத்தை ஒலிப்பதிவு செய்ய அனுமதி, இன்னொருவரின் குறிப்புகள் ஆகியவை கிடைக்கலாம். முன்வரிசையில் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் ஆள் இருப்பார்களே என்று போன பதிலை வைத்துக் கேட்பீர்கள். முன்வரிசையின் ஓர மூலையில் உடம்பைச் சற்றுத் திருப்பி உட்கார்ந்தால் இரண்டுக்கும் வழி பிறக்கும்.

"நான் போய்வந்த சண்டையே தப்புன்னு வகுப்புல பேசறாங்க. கேட்டுட்டுச் சும்மா இருக்கணுமா?"

வரலாற்று வகுப்பில் எனக்கே நடந்தது. கை நடுங்கியது. அன்று பேசாமல் வந்துவிட்டேன், அது நல்லதாகப் போயிற்று. போருக்கு அனுப்பிய முடிவு வேறு, போனவர் வேறு. அந்த முடிவைப் பற்றி நாட்டு மக்கள் யாரும் கேள்வி கேட்கலாம். அதைப் பேசுகிறவர்கள் உங்களைப் பேசவில்லை. சில நேரம் உங்களையும் சேர்த்துப் பேசிவிடுவார்கள். அப்போது "நான் அங்கே இருந்தேன், நான் பார்த்ததைச் சொல்கிறேன்" என்று பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். பாராதவற்றுக்கு உங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே புத்தகங்கள்தான் ஆதாரம். நான் இருந்த இடத்தைப் பற்றி நூலகத்தில் படித்தபோது, என் வானொலிப் பெட்டியில் கேட்காதது எவ்வளவு இருந்தது என்று தெரிந்துகொண்டேன்.

"என் வீட்டுக்காரர் படிக்கப் போறார். இத்தனை வருஷம் அவர் வெளிய இருந்தார், இப்ப வீட்லயே இருந்தும் புத்தகத்துல இருக்கார். நான் என்ன செய்யறது?"

அக்கா, உங்கள் வருத்தம் நியாயமானது. அவர் இல்லாத காலத்தில் வீட்டை நடத்தியது நீங்கள். ஞாயிற்றுக்கிழமை எழுதும் பட்டியலைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா, அதை அவர் தனியாக எழுதக் கூடாது. உங்களோடு உட்கார்ந்து எழுத வேண்டும். படிப்பு நேரத்தைப் போலவே குழந்தைகளுக்கும் உங்களுக்குமான நேரமும் அதில் இருக்க வேண்டும். படிப்பு நேரத்தில் அவரைக் கூப்பிடாதீர்கள். உங்கள் நேரத்தில் அவர் புத்தகத்தைத் தொடக் கூடாது. அவருடைய தேர்வு வாரங்கள் எவை என்று முன்பே தெரிந்துவிட்டால் வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

"முதல் செமஸ்டர்ல ரெண்டு பாடம் போச்சு. விட்டுட்டு வேலைக்குப் போயிடட்டுமா?"

இன்றைக்கு முடிவெடுக்காதீர்கள். முதலில் எதனால் போயிற்று என்று பாருங்கள். திரும்பத் திரும்ப வாசித்தது காரணமா, நேரமா, கேட்காமல் இருந்ததா, தூக்கமா, காதா? ஒவ்வொன்றுக்கும் மேலே பதில் இருக்கிறது. விடைத்தாளை வாங்கி ஆசிரியரோடு உட்கார்ந்து பாருங்கள். அடுத்த செமஸ்டரில் பாடங்களின் எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா, குறைத்தால் உதவித்தொகை குறையுமா என்று கல்லூரி அலுவலகத்திலும் உதவித்தொகை அலுவலகத்திலும் கேளுங்கள். அதன் பிறகும் வேலைதான் வேண்டும் என்று தோன்றினால் போங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் சும்மா வராமல் நின்றுவிடாதீர்கள். முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் பின்னால் திரும்பிச் சேர வழி இருக்கும்.

"என் கூட இருந்தவன் இறந்த நாள், இந்தத் தடவை சரியா பரீட்சை அன்னிக்கு வருது. எழுத முடியுமான்னு தெரியல."

இரண்டு வாரம் முன்பே ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள். "அன்று என் நண்பரின் நினைவு நாள், வேறு நாளில் எழுத முடியுமா?" என்ற ஒரு வரி போதும். நான் கேட்டேன், தேதியை மாற்றிக் கொடுத்தார்கள். எல்லா இடத்திலும் மாற்ற முடியாது. பொதுத்தேர்வாக இருந்தால் வழியே இல்லை.

மாற்ற முடியாவிட்டால் முந்தின நாள் புத்தகத்தை மாலையிலேயே மூடிவிடுங்கள். யூனிட்டில் உங்களோடு இருந்த யாரையாவது கூப்பிட்டு அவனைப் பற்றிப் பேசுங்கள். அவன் அம்மாவிடம் பேசும் பழக்கம் இருந்தால் அவரிடமும். காலையில் சீக்கிரம் போய், தேர்வு அறையில் உங்கள் இருக்கையைப் பார்த்துவிட்டு வெளியே நில்லுங்கள். எழுதும்போது நடுவில் அவன் நினைவு வந்தால் பேனாவை வைத்துவிட்டு ஒரு நிமிடம் இருங்கள், பிறகு அடுத்த கேள்விக்குப் போங்கள். முடிந்ததும் தனியாக வீட்டுக்குப் போகாதீர்கள். உங்களை அழைத்துப் போக ஒருவரை வாசலில் நிற்கச் சொல்லி வையுங்கள். யாரும் இல்லையென்றால் எனக்குச் சொல்லுங்கள், நான் வந்து நிற்கிறேன்.